ஜார்ஜ் வில்லிஸ் ரிச்சி

ஜார்ஜ் வில்லிஸ் ரிச்சி (டிசம்பர் 31, 1864 - நவம்பர் 4, 1945) ஓர் அமெரிக்க வானியலாளரும் தொலைநோக்கி வடிவமைப்பாளரும் ஆவார். தொலைநோக்கிகளுக்கான பெரிய கண்ணாடி ஆடிகளைத் தேய்த்து மெருகூட்டுவதில் தம் காலத்தில் முதல் வரிசையில் வைத்து எண்ணப்பட்டவர். பிரெஞ்சு வானியலாளர் ஆன்றி கிரெத்தியேனுடன் இணைந்து இவர் உருவாக்கிய ரிச்சி-கிரெத்தியேன் தொலைநோக்கி அமைப்பு, அபிள் விண்வெளித் தொலைநோக்கி உட்படப் பல விண்கலங்களில் பயன்படுத்தப்பட்டுள்ளது. கனமான ஒற்றைக் கண்ணாடிப் பாளத்திற்கு மாற்றாக, உள்ளே வெற்றறைகள் கொண்ட எடை குறைந்த ஆடிகளைச் செய்ய முயன்ற முன்னோடிகளுள் இவரும் ஒருவர். இவ்விரு கருத்துகளும் இவரது வாழ்நாளில் பெரும்பாலும் புறக்கணிக்கப்பட்டன.

இளமைக் காலம்

ரிச்சி அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் டப்பர்சு பிளெயின்சு என்ற சிற்றூரில் பிறந்தார். அவரது குடும்பத்தினர் அயர்லாந்திலிருந்து குடியேறிய மரவேலைக் கைவினைஞர்கள். ரிச்சியும் மேசை, நாற்காலி முதலியன செய்யும் தொழிலைக் கற்றார். சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் சில காலம் பயின்றபோது அங்கிருந்த வானாய்வகத்தில் பணியாற்றும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. ஆயினும் பட்டப்படிப்பை அவர் முடிக்கவில்லை. பின்னர் சிக்காகோ நகரில் தொழிற்பயிற்சிப் பள்ளியொன்றில் மரவேலை ஆசிரியராக அமர்ந்தார். ஓய்வு நேரங்களில் வீட்டுப் பட்டறையில் தொலைநோக்கி ஆடிகளைத் தேய்த்து வந்தார்.

அக்காலத்தில் சிக்காகோவில் வாழ்ந்த ஜார்ஜ் எல்லரி ஹேல் என்ற இளம் வானியலாளரின் நட்பு ரிச்சியின் வாழ்க்கையையே மாற்றியது. ஹேல் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். பெருஞ்செல்வர்களிடம் பேசி அறிவியலுக்குப் பணம் திரட்டுவதில் வல்லவர். ரிச்சியிடம் இருந்ததோ கைத்திறனும் விடாப்பிடியும் மட்டுமே. 1896ஆம் ஆண்டு ஹேல் இவரை முழுநேர ஒளியியல் வல்லுநராகப் பணியில் சேர்த்துக்கொண்டார். அடுத்த இருபதாண்டுகளில் அமெரிக்காவின் மிகப்பெரிய தொலைநோக்கிகள் இவ்விருவரின் கூட்டில் உருவாயின.

யெர்க்கீசு வானாய்வகம்

சிக்காகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்கீசு வானாய்வகத்தில் 1897ஆம் ஆண்டு 40 அங்குல வில்லைத் தொலைநோக்கி நிறுவப்பட்டது. உலகின் மிகப்பெரிய வில்லைத் தொலைநோக்கி அதுவே. வில்லையின் விளிம்பை மட்டுமே தாங்க முடியும் என்பதால், அதற்கு மேல் பெரிதாக்கினால் வில்லை தன் எடையாலேயே வளைந்துவிடும். ஆடியையோ பின்புறம் முழுவதிலும் தாங்கலாம். எனவே எதிர்காலம் ஆடித் தொலைநோக்கிகளுக்கே என்று ரிச்சியும் ஹேலும் நம்பினர்.

யெர்க்கீசில் ரிச்சி 24 அங்குல ஆடித் தொலைநோக்கி ஒன்றைச் செய்து முடித்தார். 1901ஆம் ஆண்டு பெர்சியசு விண்மீன் குழாமில் ஒரு நோவா தோன்றியது. இத்தொலைநோக்கியால் ரிச்சி எடுத்த ஒளிப்படங்களில் அந்த நோவாவைச் சுற்றி ஒரு முகில் மிக விரைவாக விரிவடைவது தெரிந்தது. உண்மையில் விரிந்தது முகிலன்று. வெடிப்பின் ஒளியே சுற்றியிருந்த தூசுப் படலத்தில் பட்டுப் படிப்படியாக வெளிவந்தது என்று பின்னர் விளக்கப்பட்டது. நன்கு செய்யப்பட்ட சிறிய ஆடித் தொலைநோக்கி, பெரிய வில்லைத் தொலைநோக்கியைவிட மங்கலான பொருள்களைத் திறம்படப் படம்பிடிக்கும் என்பதை இப்படங்கள் காட்டின.

ஆடிகளைத் தேய்த்தல், மெருகூட்டல், சோதித்தல் ஆகியவை பற்றி ரிச்சி எழுதிய விரிவான நூலை 1904ஆம் ஆண்டு சுமித்சோனியன் நிறுவனம் வெளியிட்டது. பட்டறை அனுபவத்திலிருந்து எழுதப்பட்ட அந்நூல் நெடுங்காலம் ஆடி செய்வோரின் கையேடாக விளங்கியது.

வில்சன் மலை: 60 அங்குலத் தொலைநோக்கி

ஹேலின் தந்தை 1896ஆம் ஆண்டிலேயே பிரான்சின் சான் கோபான் கண்ணாடித் தொழிற்சாலையில் வார்க்கப்பட்ட 60 அங்குல (1.52 மீட்டர்) கண்ணாடி வட்டொன்றை மகனுக்காக வாங்கியிருந்தார். அதைத் தாங்கும் தொலைநோக்கியைக் கட்டப் பணமில்லாததால் வட்டு பல ஆண்டுகள் காத்திருந்தது. 1904ஆம் ஆண்டு கார்னிகி நிறுவனத்தின் உதவியுடன் கலிபோர்னியாவின் வில்சன் மலையில் புதிய வானாய்வகத்தை ஹேல் தொடங்கினார். ரிச்சியும் அங்குச் சென்றார். மலையடிவாரத்திலுள்ள பாசடீனா நகரில் அமைந்த பட்டறையில் ஆடி தேய்க்கப்பட்டது. தொலைநோக்கியின் இரும்புப் பகுதிகள் சான் பிரான்சிசுகோவில் செய்யப்பட்டுக்கொண்டிருந்தபோது 1906ஆம் ஆண்டின் பெரும் நிலநடுக்கம் அந்நகரை அழித்தது. ஆயினும் அப்பகுதிகள் தப்பின.

1908 டிசம்பரில் 60 அங்குலத் தொலைநோக்கி முதன்முதலாக வானை நோக்கித் திருப்பப்பட்டது. அதன் வழியே ரிச்சி எடுத்த சுருள் முகில்களின் ஒளிப்படங்கள் அதுவரை எவரும் கண்டிராத நுணுக்கம் வாய்ந்தவை. ஒரே ஒளிப்படத் தகட்டைப் பல மணி நேரம் ஒளியேற்றும்போது தொலைநோக்கியின் குவியத்தை அடிக்கடி சரிபார்த்துத் திருத்துவது இவரது வழக்கம். இரவில் காற்றின் வெப்பநிலை மாற மாற ஆடியின் வடிவமும் நுண்ணிய அளவில் மாறுகிறது என்பதை இப்பணியின்போது அவர் மீண்டும் மீண்டும் கண்டார். தடித்த கண்ணாடி மெதுவாகவே குளிரும்; அதன் மேற்பரப்பும் உட்பகுதியும் வெவ்வேறு வெப்பநிலையில் இருக்கும் வரை ஆடி சரியான வடிவத்தில் இராது. எடை குறைந்த ஆடிகளை நோக்கி ரிச்சியைச் செலுத்தியது இந்தச் சிக்கலே.

1917 சூலையில் என்.ஜி.சி. 6946 என்னும் சுருள் முகிலில் ஒரு புதிய விண்மீனை ரிச்சி ஒளிப்படத்தில் கண்டுபிடித்தார். இது மீயொளிர் விண்மீன் வெடிப்பு என்று இன்று அறியப்படுகிறது. இதையடுத்துப் பல வானியலாளர்கள் பழைய தகடுகளைத் தேடிப் பார்த்து மேலும் சில நோவாக்களைக் கண்டனர். சுருள் முகில்கள் நமது பால்வழிக்கு வெகு தொலைவில் உள்ள தனி விண்மீன் பேரடைகள் என்ற முடிவுக்கு வர இச்சான்றுகளும் உதவின.

100 அங்குல வட்டும் மனக்கசப்பும்

60 அங்குலத் தொலைநோக்கி முடியும் முன்பே ஹேல் அடுத்ததைத் தொடங்கிவிட்டார். லாஸ் ஏஞ்சலசு வணிகர் ஜான் ஹூக்கர் 1906ஆம் ஆண்டு 45,000 டாலர் நன்கொடை அளித்தார். 100 அங்குல (2.54 மீட்டர்) விட்டமும் ஏறத்தாழ 33 செண்டிமீட்டர் தடிப்பும் கொண்ட வட்டு சான் கோபானில் வார்க்கப்பட்டது. அதன் எடை நான்கு தொன்னுக்கும் மேல். அவ்வளவு கண்ணாடியை ஒரே கலத்தில் உருக்க இயலாததால் மூன்று கலங்களிலிருந்து அடுத்தடுத்து ஊற்றினர். 1908 இறுதியில் பாசடீனா வந்து சேர்ந்த வட்டில், ஊற்றல்களுக்கு இடையே காற்றுக்குமிழ்ப் படலங்கள் தெளிவாகத் தெரிந்தன. இது பயன்படாது என்றார் ரிச்சி. மாற்று வட்டு வார்க்கும் முயற்சிகள் தோல்வியுற்றன. இறுதியில் குறையுள்ள வட்டையே தேய்ப்பது என்று ஹேல் முடிவு செய்தார். 1910இல் தொடங்கிய வேலை பல ஆண்டுகள் நீண்டது.

இதே காலத்தில் பிரான்சின் நீஸ் வானாய்வகத்தைச் சேர்ந்த ஆன்றி கிரெத்தியேன் வில்சன் மலைக்கு வந்தார். ரிச்சி கணிதத்தில் ஆழ்ந்த பயிற்சி இல்லாதவர். கிரெத்தியேனோ கணிதத்தில் தேர்ந்தவர். ஒளிப்படத்தின் நடுவில் கூர்மையாகவும் ஓரங்களில் வால்மீன் போல இழுபட்டும் தெரியும் விண்மீன் படிமங்களைத் திருத்த வழி உண்டா என்று ரிச்சி கேட்க, கிரெத்தியேன் அதற்கான வளைவுகளைக் கணக்கிட்டுக் கொடுத்தார். இக்கிரெத்தியேனே பின்னாளில் அகலத்திரைப் படங்களுக்கான வில்லையையும் உருவாக்கியவர். 1953இல் வெளிவந்த சினிமாஸ்கோப் முறை அவ்வில்லையிலிருந்து பிறந்தது. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான ராஜராஜ சோழன் 1973இல் வெளியாயிற்று.

100 அங்குல ஆடியைப் புதிய வளைவில் செய்ய வேண்டும் என்று ரிச்சி வற்புறுத்தினார். ஹேலும் அவருக்கு அடுத்த நிலையிலிருந்த வால்ட்டர் ஆடம்சும் அதை ஏற்கவில்லை. அவர்களுடைய தயக்கத்திற்குக் காரணம் இருந்தது. புதிய வளைவில் அமைந்த முதன்மை ஆடி தன் துணை ஆடியுடன் மட்டுமே சரியாக இயங்கும். தொலைநோக்கியை வேறு குவியங்களில் வைத்துப் பயன்படுத்துவது கடினமாகும். எவரும் செய்து பார்க்காத ஒன்றை உலகின் மிக விலையுயர்ந்த கண்ணாடியில் முயல்வதும் துணிச்சலான செயலே. ஆனால் மறுப்புக்குப் பின்னும் ரிச்சி ஓயவில்லை. தம் கருத்துக்கு ஆதரவாக ஹூக்கரிடமே நேரில் பேசினார். ஹேல் இதைத் தமக்கு இழைத்த துரோகமாகக் கருதினார். அப்போது ஹேல் நரம்புத் தளர்ச்சியால் கடுமையாகத் துன்புற்றுக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்தே இந்தப் பிளவைப் பார்க்க வேண்டும்.

ஆடி பழைய பரவளைவு வடிவிலேயே முடிக்கப்பட்டது. 1917 நவம்பரில் தொலைநோக்கியின் வழியே முதலில் வியாழனைப் பார்த்தபோது, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல படிமங்கள் தெரிந்து அனைவரையும் திகைக்க வைத்தன. பகலில் கூரை திறந்திருந்ததால் ஆடி சூடேறியிருந்தது. விடியற்காலையில் கண்ணாடி குளிர்ந்த பின் வீகா விண்மீனைப் பார்த்தபோது படிமம் கூர்மையாக இருந்தது. தடித்த கண்ணாடியின் வெப்பச் சிக்கலுக்கு இதைவிடத் தெளிவான செயல்விளக்கம் அமைந்திருக்க முடியாது. எட்வின் அபிள் பேரண்டம் விரிவடைவதற்கான சான்றுகளைத் திரட்டியது இந்தத் தொலைநோக்கியைக் கொண்டே.

முதல் உலகப் போரின்போது அமெரிக்கப் படைக்குத் தேவையான வில்லைகளையும் பட்டகங்களையும் செய்யும் பொறுப்பை ரிச்சி ஏற்றிருந்தார். போர் முடிந்ததும், 1919 அக்டோபர் இறுதியில், பணியிலிருந்து நீக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 54. அசூசா என்ற ஊரிலிருந்த தம் தோட்டத்திற்குச் சென்று எலுமிச்சையும் ஆரஞ்சும் பயிரிட்டு வாழ்ந்தார்.

பாரிசில் வெற்றறை ஆடிகள்

1924ஆம் ஆண்டு ரிச்சி பாரிசு சென்றார். மொரீசியசில் பிறந்த இந்திய வழிப் பொறியாளரும் செல்வருமான அசான் ஃபரித் தினா, செனீவாவுக்கு அருகிலுள்ள சலேவ் மலையில் மாபெரும் வானாய்வகம் ஒன்றைக் கட்டப் பொருளுதவி செய்ய முன்வந்திருந்தார். அதற்காகப் பாரிசு வானாய்வகத்தில் ஓர் ஒளியியல் ஆய்வுக்கூடம் அமைக்கப்பட்டு ரிச்சியின் பொறுப்பில் விடப்பட்டது. அதே ஆண்டு பிரெஞ்சு வானியல் சங்கத்தின் ஜான்சன் பரிசும் அவருக்குக் கிடைத்தது.

இங்குதான் ரிச்சி தம் வெற்றறை ஆடிகளைச் செய்தார். இவற்றின் அமைப்பு தேன்கூட்டை ஒத்தது. மேலே ஒரு மெல்லிய கண்ணாடித் தகடு, கீழே ஒரு மெல்லிய கண்ணாடித் தகடு, இடையில் செங்குத்தாக நிற்கும் கண்ணாடிப் பட்டைகள். அனைத்தும் பசையால் ஒட்டப்பட்டன. மேல் தகட்டின் முகத்தைத் தேய்த்து வளைவாக்கி வெள்ளி பூசினால் ஆடி ஆயத்தம்.

இதன் பயனை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். ஓர் ஆடியை அதே வடிவ விகிதத்தில் இரு மடங்கு விட்டமுள்ளதாகச் செய்தால் அதன் எடை எட்டு மடங்காகும். எடை கூடக் கூடத் தாங்கும் சட்டமும் அச்சும் கட்டடமும் பெரிதாக வேண்டும். ஆனால் ஒரு தகடு வளையாமல் நிற்பதற்கு உதவுவன பெரும்பாலும் அதன் மேல், கீழ்ப் பரப்புகளே. நடுவிலுள்ள பொருளின் பங்கு குறைவு. கட்டடங்களில் இரும்பு உத்தரங்களின் நடுப்பகுதியை மெலிதாக விடுவதும் இதனால்தான். எனவே நடுவிலுள்ள கண்ணாடியில் பெரும்பகுதியை நீக்கினாலும் விறைப்பு அதிகம் குறையாது. மேலும், அறைகளுக்குள் காற்று புகுவதால் மெல்லிய கண்ணாடி விரைவில் சுற்றுப்புற வெப்பநிலையை அடைந்துவிடும்.

குறை பசையில் இருந்தது. கண்ணாடியும் பசையும் வெப்பத்தால் வெவ்வேறு அளவில் விரிகின்றன. பசை நாளடைவில் மாறுதலும் அடைகிறது. ஒளியின் அலைநீளத்தில் ஒரு சிறு பங்கு அளவுக்கு வடிவம் பிசகினாலும் ஆடி கெட்டுவிடும் என்னும் நிலையில் இது சிறிய குறையன்று. ரிச்சி கற்பனை செய்ததற்கு ஏற்ற பொருள் அவர் காலத்தில் இல்லை.

1927ஆம் ஆண்டு அரை மீட்டர் விட்டமுள்ள முதல் ரிச்சி-கிரெத்தியேன் தொலைநோக்கியை அவர் செய்து முடித்தார். சலேவ் மலைத் திட்டமோ சிக்கல்களில் மாட்டிக்கொண்டது. தினாவுக்கும் ரிச்சிக்கும் இடையே உறவு கெட்டது. 1928இல் தினா கடற்பயணத்தின்போது இறந்தார். இக்காலத்தில் ரிச்சி எதிர்காலத் தொலைநோக்கிகளைப் பற்றிய கட்டுரைகளை வெளியிட்டார். கொலராடோ பெரும் பள்ளத்தாக்கின் விளிம்பில் 8 மீட்டர் ஆடியுடன் நிலையாக நிற்கும் செங்குத்துத் தொலைநோக்கி ஒன்றையும் அவர் முன்மொழிந்தார்.

அதே 1928இல் ஹேல் 200 அங்குலத் தொலைநோக்கிக்கான நிதியைப் பெற்றார். அப்பணிக்கு ரிச்சி அழைக்கப்படவில்லை. ஆயினும் அந்த ஆடி, பின்புறம் விலா எலும்புகள் போன்ற பட்டைகளும் இடையில் பள்ளங்களும் உள்ள எடை குறைந்த வடிவில் பைரெக்சுக் கண்ணாடியால் வார்க்கப்பட்டது. ஒட்டாமல் ஒரே வார்ப்பாகச் செய்ததால் பசைச் சிக்கல் எழவில்லை. வளைவு மட்டும் பழைய பரவளைவே.

இறுதிக் காலம்

அமெரிக்கா திரும்பிய ரிச்சிக்கு ஐக்கிய அமெரிக்கக் கடற்படை வானாய்வகம் 40 அங்குல ரிச்சி-கிரெத்தியேன் தொலைநோக்கி ஒன்றைச் செய்யும் பணியை அளித்தது. 1934இல் அது முடிந்தது. வாசிங்டன் நகரின் ஒளிமிகுந்த, தெளிவற்ற வானில் அதன் முழுத் திறனும் வெளிப்படவில்லை. 1936இல் ரிச்சி ஓய்வு பெற்று அசூசா திரும்பினார். 1945 நவம்பர் 4 அன்று தம் 80ஆம் வயதில் காலமானார். பத்தாண்டுகள் கழித்து, 1955இல், அத்தொலைநோக்கி அரிசோனாவின் பிளாக்ஸ்டாஃபுக்கு அருகே இருண்ட வானுள்ள இடத்திற்கு மாற்றப்பட்டது. அங்கு அது நல்ல பயன் தந்தது.

ரிச்சி-கிரெத்தியேன் அமைப்பு

வழக்கமான காசெகிரேன் தொலைநோக்கியில் முதன்மை ஆடி பரவளைவாகவும் துணை ஆடி அதிபரவளைவாகவும் இருக்கும். படப்புலத்தின் நடுவே படிமம் பிழையற்றது. நடுவிலிருந்து விலக விலக விண்மீன்கள் வால் முளைத்தவை போலத் தோன்றும். ரிச்சி-கிரெத்தியேன் அமைப்பில் இரு ஆடிகளும் அதிபரவளைவுகள். ஒன்றின் பிழையை மற்றது ஈடுசெய்வதால் கோளப் பிறழ்ச்சி, வால் பிறழ்ச்சி ஆகிய இரண்டும் நீங்குகின்றன. குவியப்பரப்பின் வளைவு போன்ற சில பிழைகள் எஞ்சினும், பயன்படும் படப்புலம் மிகவும் அகன்றது. இத்தகைய இரட்டை ஆடி அமைப்புகளுக்கான பொதுக் கோட்பாட்டைச் செருமானிய அறிஞர் கார்ல் சுவார்சுசைல்டு 1905இலேயே வகுத்திருந்தார்.

அதிபரவளைவு ஆடியைச் செய்வதும் சோதிப்பதும் கடினம் என்பதால் இவ்வமைப்பு 1960களில்தான் பரவலாயிற்று. அதன் பின் கட்டப்பட்ட பெரிய தொலைநோக்கிகளுள் பல இவ்வகையின. இந்தியாவில் லடாக்கின் ஆன்லேயில் உள்ள 2 மீட்டர் தொலைநோக்கியும் தேவத்தலில் 2016இல் தொடங்கப்பட்ட 3.6 மீட்டர் தொலைநோக்கியும் இவ்வகையைச் சேர்ந்தவை.

விண்வெளியில்

செயற்கைக்கோளில் வைக்கும் ஆடிக்கு எடை முதல் எதிரி; வெப்பநிலை மாற்றம் இரண்டாவது. ஏவூர்தியின் அதிர்வையும் அது தாங்க வேண்டும். எனவே ரிச்சியின் இரு கருத்துகளும் விண்வெளித் தொலைநோக்கிகளில் ஒன்றுசேர்ந்தது வியப்பன்று. 1990இல் ஏவப்பட்ட அபிள் தொலைநோக்கியின் 2.4 மீட்டர் ஆடி, வெப்பத்தால் ஏறத்தாழ விரிவடையாத கண்ணாடியாலானது. மேல் தகடு, கீழ்த் தகடு, இடையில் கட்டம்கட்டமான பட்டைகள் என்ற அதே அமைப்பு. ஆனால் பசைக்குப் பதிலாகக் கண்ணாடி உருக்கி இணைக்கப்பட்டது. அதன் எடை 828 கிலோகிராம். ரிச்சி தேய்த்த 1.52 மீட்டர் ஆடியின் எடையோ 860 கிலோகிராம்.

அபிளின் ஆடி விளிம்பில் 2.2 மைக்ரோமீட்டர் தட்டையாகத் தேய்க்கப்பட்டதால் முதலில் மங்கலான படங்களே கிடைத்தன. சோதனைக் கருவியில் ஒரு வில்லை 1.3 மில்லிமீட்டர் இடம் மாறிப் பொருத்தப்பட்டதே காரணம். 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் திருத்தக் கருவிகளைப் பொருத்தினர்.

கண்ணாடிக்கு அடுத்து வந்தவை பீங்கான் வகைப் பொருள்கள். இவற்றுள் சிலிக்கன் கார்பைடு சிறப்பிடம் பெற்றது. இது கண்ணாடியைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு விறைப்பானது. வெப்பத்தைக் கண்ணாடியைவிட நூறு மடங்குக்கு மேல் கடத்துவதால் ஆடி முழுவதும் ஒரே வெப்பநிலையை விரைவில் அடைகிறது. தூளை அழுத்திக் கட்டியாக்கி, மென்மையாக இருக்கும்போதே பின்புறத்தைக் குடைந்து அறைகளாக்கி, பிறகு உயர்வெப்பத்தில் சுட்டெடுப்பது ஒரு முறை. சுட்டபின் வைரத்தூள் கொண்டே தேய்க்க முடியும். 2006இல் ஏவப்பட்ட சப்பானின் அகாரி அகச்சிவப்புச் செயற்கைக்கோள், சிலிக்கன் கார்பைடு ஆடிகள் கொண்ட ரிச்சி-கிரெத்தியேன் தொலைநோக்கியைச் சுமந்து சென்றது. 71 செண்டிமீட்டர் விட்டமுள்ள அதன் முதன்மை ஆடியின் எடை 11 கிலோகிராம் மட்டுமே. அச்செயற்கைக்கோள் 2011 வரை இயங்கியது. 2015இல் புளூட்டோவைக் கடந்து சென்ற நியூ ஒரைசன்சு விண்கலத்தின் 20.8 செண்டிமீட்டர் தொலைநோக்கியும் இதே பொருளாலும் இதே அமைப்பிலும் ஆனது. 2009இல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் எர்ச்செல் தொலைநோக்கி, 12 சிலிக்கன் கார்பைடுத் துண்டுகளை இணைத்துச் செய்த 3.5 மீட்டர் ஆடியைக் கொண்டிருந்தது. ஆனால் அது ரிச்சி-கிரெத்தியேன் வகையன்று.

இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோள் 2015 செப்டம்பர் 28 அன்று சிறீஅரிக்கோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. அதன் புறஊதாக் கருவியில் உள்ள இரு தொலைநோக்கிகளும் ரிச்சி-கிரெத்தியேன் வகையின. அவற்றின் ஆடிகள் செரோடூர் என்னும் கண்ணாடிப் பீங்கானால் ஆனவை.

நினைவு

ரிச்சிக்கும் ஹேலுக்கும் இடையேயான உறவைப் பற்றி அமெரிக்க வானியலாளர் டொனால்டு ஆசுட்டர்புரோக் 1993ஆம் ஆண்டு ஒரு விரிவான நூலை எழுதினார். அதுவரை ரிச்சியைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் அவரைப் பணியிலிருந்து நீக்கியவர்களின் எழுத்துகள் வழியாகவே அறியப்பட்டிருந்தன. நிலவிலும் செவ்வாய்க் கோளிலும் உள்ள இரு பெருங்குழிகளுக்கு ரிச்சி என்று பெயரிடப்பட்டுள்ளது.